தோற்றவருக்கும் ஆறு ஆட்டம்

சென்னையில் 1972-ல் தொடங்கிய தால் செஸ் கிளப்பில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருந்தது. ஜெயித்தவர் நாற்காலியிலேயே இருக்கலாம். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய அந்தக் கிளப்பில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் மின்னல் வேகத்தில் காய் நகர்த்தப் பழகினார். எழுந்துவிட்டால் மறுபடி எப்போது உட்காருவது என்ற கவலை யாருக்கும் கையைத் துரிதப்படுத்தும்தானே!

நகரத்துக்கு அந்தச் சட்டம் சரி. வரிசை நீளமாக இருந்தாலும் முறை திரும்ப வந்துவிடும். இன்று வராவிட்டால் அடுத்த வாரம். ஜவ்வாது மலையில் ஒரு பிள்ளை முதல் ஆட்டத்தில் தோற்று எழுந்தால், அடுத்த போட்டி எப்போது வரும்?

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது இந்த மலை. ஜமுனாமரத்தூர்தான் இதன் சந்தை, தாலுகா அலுவலகம், பஸ் நிறுத்தம் எல்லாம். சாமையும் தேனும் பலாவும் புளியும் விளையும் மலையாளிப் பழங்குடிகளின் பூமி. காவலூரில் 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அமைந்தபின் வானியலாளர்கள் மலையேறி வருகிறார்கள். மலைப் பிள்ளைகளோ தேர்வு, போட்டி என்றால் கீழே இறங்கியாக வேண்டும். புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 2023 நவம்பரில் பிரசவமான ஓரிரு நாளில் சென்னைக்குப் பயணம் செய்து சிவில் நீதிபதி தேர்வை எழுதினார். 2024 பிப்ரவரியில் அவர் தேர்வான செய்தியைத் தமிழகமே கொண்டாடியது. கொண்டாட்டம் நியாயம்தான். அந்தப் பயணத்தின் தூரத்தைப் பற்றி மட்டும் அதிகம் பேர் பேசவில்லை.

செஸ், பணம் அதிகம் கேட்காத விளையாட்டு. மைதானம் வேண்டாம், ஷூ வேண்டாம். சுருட்டி வைக்கிற ரெக்ஸின் விரிப்பும் பிளாஸ்டிக் காய்களும் இருந்தால் ஆட்டம் தயார். ஆனால் எதிரே உட்கார ஆள் வேண்டும், அதுவும் விதவிதமான ஆள். ஒரே நண்பனோடு நூறு ஆட்டம் ஆடினால் அந்த நண்பனை ஜெயிக்கத்தான் பழக முடியும். கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்து மரோட்டிச்சால் கிராமம் பேர் வாங்கியது இதனால்தான். குடியும் சூதாட்டமும் மண்டிக்கிடந்த ஊரில் டீக்கடைக்காரர் உன்னிகிருஷ்ணன் வருகிறவர்களுக்கெல்லாம் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். காலப்போக்கில் வீட்டுக்கு வீடு ஆட்டக்காரர் உருவானார்கள். அங்கே எதிராளியைத் தேடிப் பஸ் ஏற வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளுக்குள் செஸ் பெரிய அலையாக வந்தது 2022-ல். உக்ரைன் போரால் ரஷ்யாவிடமிருந்து பறிபோன 44-வது செஸ் ஒலிம்பியாட், இந்தியாவில் முதல் முறையாக, மாமல்லபுரத்துக்கு வந்தது. ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நடந்த அந்த விழாவை ஒட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று படிப்படியாகப் போட்டிகள் நடந்தன. அதன் சின்னமான வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ சுவரெல்லாம் கும்பிட்டு நின்றது. அலை அடித்து ஓய்ந்தபின், ஒரு வட்டாரமோ ஊரோ தானே நடத்துகிற போட்டிகள்தான் மிச்சம். அங்கேதான் எந்த முறையில் ஆடுவது என்ற கேள்வி வருகிறது.

64 பிள்ளைகள் பெயர் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கபடிக்கும் கேரமுக்கும் பழகிப்போன நாக்-அவுட்டில் ஆறு சுற்று, மொத்தம் 63 ஆட்டம். கேட்கச் சுலபம். ஆனால் முதல் சுற்று முடிந்ததுமே 32 பேர் வெளியே. மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் வந்த பிள்ளை அரை மணியில் பார்வையாளர் ஆகிவிடும். எல்லோரும் எல்லோருடனும் ஆடுவது என்றாலோ 2,016 ஆட்டம், நடக்கிற காரியமில்லை.

இதற்கு நடுவழி, 1895-ல் சூரிச் நகரில் முதன்முதலில் பயன்படுத்தப்பட்ட சுவிஸ் முறை. யாரும் வெளியேறுவதில்லை. முதல் சுற்றில் ஜெயித்தவர் ஜெயித்தவரோடும், தோற்றவர் தோற்றவரோடும் அடுத்த சுற்றில் மோதுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சமமான புள்ளி உள்ளவர்களே ஜோடி சேர்வார்கள். ஒருமுறை ஆடியவரோடு மறுபடி ஆடக் கூடாது. டிரா எதுவும் விழாமல் ஆறு சுற்று ஓடினால் கணக்கு அழகாக வருகிறது: ஆறும் ஜெயித்தவர் ஒருவர், ஐந்து ஜெயித்தவர் 6 பேர், நாலு ஜெயித்தவர் 15 பேர், மூன்றுக்கு மூன்று 20 பேர். கீழ்ப்பாதியும் இதே எண்ணிக்கைதான். ஆக, ஒரு வெற்றியும் இல்லாமல் வீடு திரும்புகிறவர் 64 பேரில் ஒரே ஒருவர். நாக்-அவுட்டில் அந்த எண்ணிக்கை 32. முதல் பரிசுக்காரர் இரண்டு முறையிலும் ஆறு ஆட்டம் ஜெயித்தே ஆக வேண்டும்; அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. நடத்துகிறவருக்கு மட்டும் வேலை மூன்று மடங்கு, 192 ஆட்டம். அதைப் பட்டுத்தான் ஆக வேண்டும்.

மாமல்லபுரத்திலும் இதே முறைதான். பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162. எல்லோருக்கும் பதினொரு சுற்று. முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக வென்ற இந்தியாவின் குகேஷ் அந்தக் கூடத்தில்தான் இருந்தார். பாலஸ்தீனத்திலிருந்து வந்த எட்டு வயது ரந்தா செதாரும் அங்கேதான் கொமொரோஸ் தீவு வீராங்கனையை வென்றாள். ஒரு தோல்வியோடு அணிகளை ஊருக்கு அனுப்பியிருந்தால் அவளை உலகம் பார்த்திருக்காது.

சின்னப் போட்டியிலும் சில ஒழுங்குகளை விடக் கூடாது. தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும்; சண்டை பெரும்பாலும் இங்கேதான் கிளம்பும், ஆகவே சுற்று தொடங்குமுன் சத்தமாகச் சொல்லிவிடுவது நல்லது. தப்பான நகர்த்தல் இரண்டாம் முறையும் நேர்ந்தால் சர்வதேச விதிப்படி ஆட்டம் போய்விடும். புதிதாக ஆடும் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் அதைக் கறாராகக் காட்டத் தேவையில்லை. எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் ஒருவருக்கு ‘பை’, அதாவது ஆடாமலே ஒரு புள்ளி. புள்ளி என்னவோ கிடைக்கும். ஆட வந்த பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும். பி.இ.டி. வாத்தியாரோ வந்திருக்கும் அண்ணன்மார் யாரோ எதிரே உட்கார்ந்து ஒரு ஆட்டம் போட்டால் அந்தக் குறையும் தீரும்.

ரேட்டிங் பற்றிய கவலை இப்போதைக்கு வேண்டியதில்லை. 2024 மார்ச் முதல் 1400-க்குக் கீழே உலக செஸ் சம்மேளனத்தின் ரேட்டிங்கே கிடையாது. அதை எட்டுவது அப்புறம் பார்த்துக்கொள்கிற வேலை. அதைவிட மலையில் உள்ள அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளைக் கவனிக்கலாம். மாலையில் ஒரே கூரையின்கீழ் இத்தனை எதிராளிகள் வேறு எந்தக் கிளப்புக்கும் கிடைக்க மாட்டார்கள். விடுதிக்குப் பத்துப் பலகை போதும்.

போட்டி நாளுக்கு நேரக் கணக்கும் முக்கியம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் ஒரு ஆட்டம் அதிகபட்சம் அரை மணி. ஆறு சுற்றுக்கு மூன்று மணி, சுற்றுகளுக்கு நடுவே ஜோடி போட ஒரு மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி. காலை ஒன்பதரைக்குத் தொடங்கினால் இரண்டரைக்கு முடித்துப் பரிசும் கொடுத்துவிடலாம். அதற்குமேல் இழுத்தால் தூரத்து ஊர்ப் பிள்ளைகள் பஸ்ஸைக் கணக்குப் பண்ணிக் கடைசிச் சுற்றை அவசரமாக ஆடுவார்கள்.