"முகவரி தவறு!"
தமிழ்ப் பெயரைத் திருப்பி அனுப்பும் கம்ப்யூட்டர்

"ஏன் தம்பி, என் பேரைத் தமிழ்ல எழுதினா தப்பா?"

"தப்பே இல்லே அண்ணாச்சி. இந்தப் பாரம்தான் ஒத்துக்க மாட்டேங்குது!"

மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவருக்கும் பிரவுசிங் சென்டர் பையனுக்கும் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அண்ணாச்சியின் ஈ-மெயில் முகவரி 'முருகன்' என்று தமிழில் தொடங்குகிறது. பாரத்தில் அதை அடித்ததும் சிவப்பு எழுத்தில் பதில் வருகிறது: "முகவரி தவறு."

உண்மையில் முகவரி சரிதான். தவறு பாரத்தில்!

128-க்குள் அடங்கிய உலகம்

ஈ-மெயில் போக்குவரத்துக்கு 1982-ல் ஒரு விதி வகுத்தார்கள். அந்த விதி அறிந்த குறிகள் மொத்தம் 128. ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கமா எல்லாம் அதற்குள் அடக்கம். தமிழுக்கு இடமில்லை.

கடிதத்தின் உள்ளே பிற மொழிகளில் எழுத 1990-களில் வழி பிறந்தது. ஆனால் உறை மேல் எழுதும் முகவரி மட்டும் ஆங்கிலத்திலேயே நின்றது.

முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னால் வரும் பாதிக்கு 2003-ல் ஒரு தந்திரம் செய்தார்கள். தமிழ்ப் பெயருக்கு ஆங்கில எழுத்தில் முகமூடி மாட்டி அனுப்பினார்கள். 2010, 2011-ல் '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' எல்லாம் வந்தன.

முன்பாதிக்கு முகமூடி கிடையாது. அதில் உள்ளபடியே தமிழ் எழுத 2012-ல்தான் புது விதி வந்தது. 2014-ல் இத்தகைய முகவரிகளுக்குக் கடிதம் அனுப்பவும், அங்கிருந்து பெறவும் ஜிமெயில் கதவைத் திறந்தது.

அப்புறம் ஏன் தகராறு?

கடிதம் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு விசாரணை உண்டு. "உனக்குப் புது விதி தெரியுமா?" என்று அனுப்பும் கம்ப்யூட்டர் கேட்கும். "தெரியாது" என்றால் கடிதம் திரும்பி விடும். நடுவில் ஒருவர் பழைய ஆளாக இருந்தாலும் போச்சு!

இன்னொன்று இட நெருக்கடி. முன்பாதிக்கு 64 இடம்தான். ஆங்கில எழுத்துக்கு ஓரிடம் போதும். தமிழிலோ 'மு' என்றால் 'ம' ஒரு குறி, உகரம் ஒரு குறி. குறி ஒன்றுக்கு 3 இடம். 'முருகன்' என்று எழுத 7 குறி, 21 இடம்!

இவற்றையெல்லாம் தாண்டினாலும் பாரம் மறிக்கிறது. ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் பழைய சோதனையைப் பல இடங்களில் மாற்றவே இல்லை. வாசலில் நிற்கும் காவலாளிக்குப் புதுச் சட்டம் தெரியாத கதைதான்!

உஷார்!

இதில் ஏமாற்று வேலைக்கும் இடம் உண்டு. 'ஔவை' என்பதன் முதல் எழுத்தை 'ஒ', 'ள' என்று இரண்டாகத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு ஆள். தமிழ் எண் ஒன்றும் 'க' போலத்தான் இருக்கும்.

சரக்கு அனுப்புகிறவர் பெயரில் "பணத்தை இந்தக் கணக்குக்குப் போடுங்க" என்று கடிதம் வருகிறது. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தால்? பணம் போயே போச்சு! போனில் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்ட பிறகே பணம் போடுங்கள்.

அண்ணாச்சி என்ன செய்யலாம்? தமிழ் முகவரியோடு ஆங்கிலத்திலும் ஒன்று வைத்துக் கொள்ளலாம். இரண்டுக்கும் வரும் கடிதம் ஒரே பெட்டியில் விழும்படி செய்ய முடியும். பாரம் திருப்பி அடித்தால் அந்த இடத்துக்கு ஒரு புகார் எழுதிப் போடலாம். சோதனையை மாற்றுவது அவர்கள் வேலை.

பெயர் வைத்தது அப்பா அம்மா. அதைத் தப்பு என்று சொல்ல ஒரு பாரத்துக்கு என்ன உரிமை?