மாறுவது உடம்பன்று, வைரஸ்

"உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா?" எனக் கூட்டு மருந்துச் சிகிச்சை பெறுவோரும் குடும்பத்தினரும் எங்களிடம் அடிக்கடி கேட்கின்றனர். உடம்பு பழகுவதில்லை, எச்.ஐ.வி. வைரஸ்தான் மாறுகிறது.

இவ்வைரஸ் தன் மரபுச்செய்தியை ஆர்.என்.ஏ. வடிவில் வைத்திருக்கிறது. நமது அணுவினுள் நுழைந்ததும் அதை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. அப்பணியைச் செய்யும் நொதி பிழை மலிந்தது. செய்த பிழையைத் திருத்தவும் அதற்குத் தெரியாது. சிகிச்சை பெறாதவர் உடலில் நாளொன்றுக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ்கள் உருவாகக்கூடும். எனவே, எல்லா வகைப் பிழைகளும் எங்கேனும் நிகழ்ந்தே தீரும். பெரும்பாலானவை வைரசுக்கே கேடு. சில மட்டும் மருந்தின் பிடியிலிருந்து அதை விடுவிக்கின்றன.

லாமிவுடின் மருந்தை எடுத்துக்கொள்வோம். அந்நொதியின் 184ஆம் இடத்தில் மெத்தியோனினுக்குப் பதிலாக வேலின் அமைந்தால், மருந்தின் ஆற்றல் பெரிதும் குன்றும். முன்னர்ப் பரவலாக வழங்கப்பட்ட எஃபாவிரென்ஸ், நெவிரபின் ஆகியவற்றை முறியடிக்க 103ஆம் இடத்து மாற்றம் ஒன்றே போதும். இன்று தரப்படும் டோலுடெகிராவிரை வைரஸ் அவ்வளவு எளிதில் வெல்வதில்லை. ஒருபோதும் வெல்லாது என்று சொல்வதற்கில்லை.

மூன்று மருந்துகளும் குருதியில் போதிய அளவு இருக்கையில் வைரஸ் ஏறத்தாழப் பெருகுவதே இல்லை. பெருகாதது பிழை செய்வதுமில்லை. மாத்திரை அடிக்கடி தவறும்போதுதான் ஆபத்து. மருந்தும் அரைகுறையாக இருக்கும், வைரசும் பெருகும்; மருந்தைத் தாங்கும் வைரஸ் மட்டும் மேலோங்கும்.

உறவினர் நிறைந்த வீட்டில் மாத்திரைப் புட்டியை வெளியே எடுக்க இயலாத சங்கடம் எங்களுக்குத் தெரியும். ஆயினும், தவறிய நாள்களை மறைத்து "ஒழுங்காக உண்டேன்" என்றால், நன்கு வேலை செய்யும் மருந்தையே வீணாக மாற்ற நேரிடலாம். காரணம் எப்போதும் மறதியன்று. நெஞ்செரிச்சல் மருந்து, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் டோலுடெகிராவிர் உடலில் சேர்வதைத் தடுக்கலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதன் அளவைக் குறைக்கும். உண்ணும் மருந்துகள் அனைத்தையும் எங்களிடம் கூறுங்கள். நேரத்தையோ அளவையோ மாற்றித் தருவோம். தொடக்கத்திலேயே எதிர்ப்புள்ள வைரஸ் தொற்றியிருக்கவும் கூடும்.

ஒரு மில்லிலிட்டர் குருதியில் வைரஸ் எண்ணிக்கை 1,000ஐத் தாண்டினால், முதலில் ஆலோசனை. மாத்திரைகளை ஒழுங்காக உண்டபின் சுமார் மூன்று மாதங்களில் மறுபரிசோதனை. அப்போதும் குறையாவிடில், மருந்தை மாற்றுவது குறித்தும் எதிர்ப்புப் பரிசோதனை குறித்தும் மருத்துவர் முடிவு செய்வார். அப்பரிசோதனைக்கு முன் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு வருவோர் உண்டு. அவ்வாறு செய்யலாகாது. மருந்து இல்லாதபோது பழைய வைரஸ் மீண்டும் பெருகிவிடும்; மாறிய வைரஸ் உறங்கும் அணுக்களில் ஒளிந்துகொள்ளும், பரிசோதனையில் அகப்படாது.

வெளியூர்ப் பயணம் இருப்பின் முன்கூட்டியே தெரிவியுங்கள். மாத்திரை தீருமுன் என்ன செய்யலாம் என்று சேர்ந்து முடிவு செய்வோம்.