உங்களுக்குத் தெரியுமா?

பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கி 1880-லேயே பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டம் வந்தது. நாடு முழுக்க அல்ல. அரசு அறிவித்த நகராட்சிகளிலும் ராணுவக் குடியிருப்புகளிலும் மட்டும். ஆண்பிள்ளைகளுக்கு வயது வரம்பு 14. பெண்பிள்ளைகளுக்கோ 8 தான்! வளர்ந்த பெண்ணின் கையை அந்நியர் தொடுவதா என்ற அக்காலச் சங்கடம் போலும்.

இன்று? குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ தடுப்பூசி போட்டே ஆக வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. ஆனால் 1985-இல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் எல்லாம் இலவசம். கர்ப்பிணிக்கு ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசி, குறைந்தது 4 வார இடைவெளியில் 2 தவணை. முந்தைய கர்ப்பத்தில் இரண்டு தவணையும் போட்டு 3 ஆண்டுக்குள் மீண்டும் கருத்தரித்தால், ஒரு தவணையே போதும்.