மஞ்சப்பைக்கு வந்த மவுசு

சினிமாவில் ஒருத்தர் மஞ்சப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், 'பட்டிக்காட்டான்' என்று தியேட்டரே சிரிக்கும். 2014-இல் ராஜ்கிரண் நடித்த படத்துக்கே 'மஞ்சப்பை' என்று பெயர் வந்தது. இப்போது அதற்கு அரசு மரியாதை வேறு! ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம்.

காரணம் நம்ம மன்னார் வளைகுடாவிலேயே இருக்கு. மிதக்கும் பாலிதீன் பையைச் சொறிமீன் என்று நினைத்துக் கடலாமை விழுங்கும். குடல் அடைத்தால் சாவுதான். துணிப்பை அப்படியல்ல, துவைக்கத் துவைக்க உழைக்கும். ஆனால் பத்துப் பை வாங்கி மடித்து வைத்தால் பயனில்லை. ஒன்றையே திரும்பத் திரும்ப எடுக்கணும்.

டிப்ளமோ சேர என் சான்றிதழ்களை அப்பா மஞ்சப்பையில்தான் கொண்டு வந்தார். வரிசையில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்! அந்தப் பை இன்னும் கிழியவில்லை. இன்று என் டிராயிங் சாமான் அதில்தான்.