ராலி காரை வாங்கலாம், மெக்கானிக் டீம் கூட வராது

நீல பெயின்ட், தங்க நிற வீல், பானெட் மேல வாயைத் திறந்த மாதிரி ஒரு துவாரம், டிக்கி மேல பெரிய இறக்கை. சின்ன வயசுல கம்ப்யூட்டர்ல காலின் மெக்ரே ராலி விளையாடினவங்களுக்கு இதுக்கு மேல சொல்லவே வேண்டாம். சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ. நம்ம ஊர்ல சுபாருவுக்கு ஷோரூம் கிடையாது. ஆனா சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, லண்டன்ல இருந்து கேட்கிற நண்பர்கள், "பழைய எஸ்டிஐ ஒண்ணு விலைக்கு வருது, வாங்கலாமா?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி இந்தக் கார் எப்படிப் பிறந்ததுன்னு பார்த்துடலாம்.

தொண்ணூறுகளோட தொடக்கத்துல உலக ராலி சாம்பியன்ஷிப் 'குரூப் ஏ' விதிப்படி நடந்தது. போட்டிக்கு வர்ற கார், மக்களுக்கு விற்கிற காராவும் இருக்கணும். அதையும் ஆயிரக்கணக்குல தயாரிச்சிருக்கணும். முதல்ல 5,000 கார்னு இருந்த வரம்பு, பிறகு 2,500 ஆச்சு. அதனால, ராலியில ஜெயிக்கத் தேவையான டர்போ, நாலு சக்கரத்துக்கும் பவர் போற அமைப்பு எல்லாத்தையும் ரோட்டுல ஓடுற கார்லயே வெச்சு விற்க வேண்டியிருந்தது. 1992-ல வந்த இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸும், அதே வருஷம் வந்த மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனும் அப்படிப் பிறந்தவைதான். 1995-ல மெக்ரே, 2001-ல ரிச்சர்ட் பர்ன்ஸ், 2003-ல பெட்டர் சோல்பெர்க்னு மூணு பேர் இம்ப்ரெஸாவுல உலக சாம்பியன் ஆனாங்க.

இப்போ பானெட்டைத் திறப்போம். உள்ள இருக்கிறது 'பாக்ஸர்' இன்ஜின். நாலு சிலிண்டரும் நிற்காம, பக்கத்துக்கு ரெண்டா படுத்திருக்கும். அதனால எடை தரைக்குப் பக்கத்துல இருக்கு, வளைவுல கார் கம்மியாத்தான் சாயும். அந்த பானெட் துவாரம் அழகுக்கு இல்ல. இன்ஜின் மேல உட்கார்ந்திருக்கிற இன்டர்கூலருக்குக் காத்து போற வழி. பல மாடல்கள்ல வர்ற அந்த 'தட தட' சத்தத்துக்குக் காரணம், சைலன்சருக்குப் போற குழாய்கள் சம நீளத்துல இல்லாததுதான்.

இங்கதான் முக்கியமான விஷயம். ராலியில ஒரு கார் சில ஸ்டேஜ் ஓடினதும் சர்வீஸ் பார்க்குக்கு வரும். ஒரு டீமே அதுமேல பாயும். ஆயில், டயர், கியர்பாக்ஸ் எல்லாம் பார்ப்பாங்க, தேவைப்பட்டா மாத்துவாங்க. நீங்க வாங்குற கார்ல அந்த ராலி குணம் இருக்கு. டீம் மட்டும் இல்ல. அந்த வேலை இனி உங்க தலையில.

முதல் வேலை, ஆயில். இந்த இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். ரெண்டு தடவை பெட்ரோல் போட்டா ஒரு தடவையாவது, சமமான தரையில நிறுத்தி, இன்ஜின் ஆறினதும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க. லெவல் குறைஞ்ச நிலையில வேகமா வளைஞ்சா, ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிடும், பம்ப் காத்தை இழுக்கும். கனெக்டிங் ராட் பேரிங் தேய சில நொடி போதும். அப்புறம் இன்ஜினையே பிரிக்கணும்.

ரெண்டாவது, சூடு. ஸ்டார்ட் பண்ணினதும் மிதிக்காதீங்க. ஆயில் சூடாகற வரைக்கும் பொறுமையா ஓட்டுங்க. வீட்டுக்கு வர்ற கடைசி சில நிமிஷமும் அப்படித்தான், டர்போ ஆறணும்.

மூணாவது, டயர். நாலு டயரோட சுற்றளவும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். 6 மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா, முன்னும் பின்னும் பவரைப் பிரிக்கிற டிஃபரன்ஷியல் ஓயாம உழைச்சுச் சூடாகும். அதனால ஒரு டயர் கிழிஞ்சா, பல நேரம் நாலையும் மாத்த வேண்டி வரும்.

நாலாவது, டைமிங் பெல்ட். இது ரப்பர். அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். செகண்ட் ஹேண்டா வாங்குறீங்க, பெல்ட் மாத்தின ரசீது இல்லன்னா, மாத்தலைன்னே நினைச்சுக்கோங்க. வாட்டர் பம்பையும் சேர்த்தே மாத்திடுங்க.

அஞ்சாவது, ஆசை. "பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏத்தினா போதும், பறக்கும்"னு யாராவது சொல்வாங்க. அதுக்குத் தகுந்த டியூனிங் இல்லாம, ஆக்டேன் கம்மியான பெட்ரோல்ல ஓட்டினா 'நாக்' வரும். குறிப்பா 2.5 லிட்டர் இன்ஜின்ல, பிஸ்டன் ரிங்குகளைத் தாங்குற சன்னமான சுவர் உடையறது பிரபலமான வியாதி. வாங்கறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் டெஸ்ட், லீக்-டவுன் டெஸ்ட் ரெண்டும் பண்ணச் சொல்லுங்க. விற்கிறவர் மறுத்தா, நன்றி சொல்லிட்டுக் கிளம்பிடுங்க.

இவ்வளவு பயமுறுத்திட்டு, ஏன் வாங்கணும்னு கேட்பீங்க. மழை பெஞ்ச மலைப்பாதையில, மத்த கார் சறுக்கிக்கிட்டு நிற்கிற வளைவுல, இது நாலு காலையும் ஊன்றி வெளிய வரும். அந்தச் சுகத்துக்கு 60 கிலோமீட்டர் வேகமே போதும். ஆனா ஒண்ணு: நாலு சக்கர பவர் உங்களை வேகமா கிளப்பும், சீக்கிரமா நிறுத்தாது. பிரேக் பிடிக்கும்போது இதுவும் எல்லாக் காரையும் போலத்தான். முழு வேகம் பார்க்கணும்னா டிராக்குக்குப் போங்க.

சரி, வாங்கலாமா? வாங்கலாம். ஒரு இன்ஜினைப் பிரிச்சுக் கட்டுற செலவை முதல்ல தனியா எடுத்து வெச்சுட்டு, மிச்சப் பணத்துல கார் தேடுங்க. மிச்சம் போதலைன்னா இன்னும் ஒரு வருஷம் காத்திருங்க. புது டபிள்யூஆர்எக்ஸை வெச்சு எஸ்டிஐ வராதுன்னு 2022-ல சுபாரு அறிவிச்சுடுச்சு. இருக்கிற வண்டிகள்தான் இருக்கு, கவனிக்காம விட்டா அதுவும் ஒண்ணொண்ணா குறையும்.

ஏற்கெனவே வெச்சிருக்கிறவங்க, இந்த எபிசோட் முடிஞ்சதும் கீழ போய் டிப்ஸ்டிக்கை ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.