மேலுறை மறைக்கும் விரிசல்

ரியோ டி ஜெனீரோ கரையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது தூப்பி எண்ணெய் வயல். அங்கே கடலின் ஆழம் 2,100 மீட்டருக்கு மேல். எண்ணெயையும் வாயுவையும் பிரித்துத் தேக்கிவைக்கும் பெருங்கப்பல்கள் மேலே நங்கூரமிட்டு நிற்கின்றன. கடல் தரையில் கிணற்றின் வாய். இரண்டையும் இணைப்பது வளைகுழாய். கப்பல் ஆட ஆட அதுவும் ஆட வேண்டும். பல ஆண்டுகள் ஆடியும் அறுந்துவிடக் கூடாது. 1970களின் இறுதியில் காம்போஸ் படுகையில் நூறு மீட்டர் சொச்சம் ஆழத்தில் பிரேசில் இந்தக் குழாயைப் பழக ஆரம்பித்தது. அப்புறம் இறங்கிக்கொண்டே போய், உப்புப் பாறைக்கு அடியில் கிடக்கும் எண்ணெயையும் எட்டிப் பிடித்துவிட்டது.

பெயர்தான் வளைகுழாய், உடம்பில் பெரும்பகுதி எஃகு. ஆக உள்ளே, துருப்பிடிக்காத எஃகுப் பட்டையைக் கொக்கிபோல் மாட்டிச் சுருட்டிய ‘கார்கஸ்’. கடலின் அழுத்தத்தில் குழாய் நசுங்காமல் காப்பது அது. மேலே, எண்ணெய் கசியாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் உறை. அடுத்து, உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும் எஃகுச் சுற்று. அதன்மேல் எதிரெதிர்த் திசையில் சாய்வாகச் சுற்றிய கம்பி அடுக்குகள் இரண்டு. தொங்கும் எடை அத்தனையும் இவற்றின் தலையில்தான். கடைசியாக, கடல்நீரைத் தடுக்கும் பிளாஸ்டிக் மேலுறை. அடுக்குகளை ஒட்டுவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று வழுக்க விட்டிருப்பதால்தான் இத்தனை இரும்பும் வளைகிறது.

இதைக் கடலில் இறக்குவது தனி வித்தை. மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டாலும், 2,200 மீட்டர் தொங்கும்போது 220 டன். அலை பதிப்புக் கப்பலைத் தூக்கிப் போடும்போது அதுவும் கூடும். இவ்வளவு எடையையும் கப்பலின் கோபுரத்தில் நிற்கும் டென்ஷனர்கள் இருபுறமும் அழுத்திப் பிடித்துக்கொண்டே மெல்ல மெல்லக் கீழே விடுகின்றன. பிடி தளர்ந்தால் குழாய் நழுவும், இறுகினால் உள்ளே கார்கஸ் நசுங்கும். குழாயைத் தண்ணீர் நிரப்பி இறக்கினால் எடை ஏறும்; காலியாக இறக்கினால் கடல் அழுத்தும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள காலிக் குழாயின் முனையை அந்த ஆழத்தில் கடல் 150 டன்னுக்கு மேல் மேல்நோக்கித் தள்ளும். இழுவையைத் தாங்கப் பிறந்த கம்பிகள் இந்த அமுக்கத்தில் பிதுங்கி, கூண்டுபோல் விரிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் கம்பிகளுக்கு மேல் அராமிட் நாடாவை இறுக்கிச் சுற்றுகிறார்கள்.

சாதனைக் கதை இத்துடன் போதும். என் கவலை அந்த இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்கு நடுவே இருக்கிறது.

கம்பிகள் குடியிருக்கும் அந்த இடுக்கை ஆன்யுலஸ் என்கிறார்கள். காய்ந்தே இருக்க வேண்டிய இடம். ஆனால் பிளாஸ்டிக் முழுத் தடுப்பு அல்ல. உள்ளே ஓடும் கரியமில வாயுவும் நீராவியும் அணுஅணுவாக ஊடுருவி அங்கே சேர்கின்றன. உப்புப் பாறைக்கு அடியிலுள்ள வயல்களில் கரியமில வாயு அதிகம். அதைக் காற்றில் விடாமலும், எண்ணெயை மேலே தள்ளுவதற்காகவும், மிகுந்த அழுத்தத்தில் பூமிக்குள்ளேயே திருப்பி அனுப்புகிறார்கள். நல்ல காரியம்தான், அழுத்தம் கூடக் கூட ஊடுருவலும் கூடுகிறது என்பதுதான் வில்லங்கம். மேலுறையில் எங்காவது கீறல் விழுந்துவிட்டாலோ கடல்நீரே உள்ளே வந்துவிடும். தண்ணீர், கரியமில வாயு, இழுவிசை மூன்றும் கூடினால் கம்பியில் மயிரிழை விரிசல் ஓடத் தொடங்கும்.

இந்தக் குழாய்களின் வடிவமைப்புக் கணக்கில் அந்த நோய்க்கு இடமே இருந்ததில்லை. வாயுவைத் திருப்பி அனுப்பும் குழாய் ஒன்று ஆயுள் முடிய வெகுகாலம் இருக்கும்போதே அறுந்த பிறகுதான் தெரியவந்தது. 2017இல் பிரேசிலின் எண்ணெய்த் துறைக் கண்காணிப்பு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது.

அறுந்ததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. எந்தக் குழாயில் எத்தனை கம்பி மிச்சம் என்பதைக் கடலுக்கடியில் வைத்து எண்ணிப் பார்க்க எளிய வழி இல்லை என்பதுதான் உறுத்துகிறது. மேல்முனை வால்வு வழியாக நைட்ரஜனைச் செலுத்தி, இடுக்கில் எவ்வளவு காலியிடம் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ரோபோவை இறக்கி, ஒலியலையால் நீர் புகுந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார்கள். நனைந்திருக்கிறது என்று தெரியும். விரிசல் எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதை அதிலிருந்து ஊகிக்கத்தான் வேண்டும். வளையாத எஃகுக் குழாய்க்கு ஒற்றைச் சுவர்தான்; உள்ளே கருவியை ஓட்டி அதன் தடிமனை அளந்துவிடலாம். அடுக்கடுக்கான இதில் அது நடக்காது.

வளைகுழாயைச் சீக்கிரம் பதிக்கலாம், கழற்றி வேறு கிணற்றுக்கு மாற்றலாம் என்பார்கள் அதை ஆதரிப்பவர்கள். உண்மைதான். ஆனால் புசியோஸ், மேரோ வயல்களின் புதிய கட்டங்களில் எஃகுக் குழாய் பக்கம் சாய்வு தெரிகிறது. கண்ணாடி இழை, கார்பன் இழை கலந்த புதுவகைக் குழாய்களையும் சோதித்துவருகிறார்கள்.

புதியவற்றுக்குத் தேர்வு உண்டு. ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருப்பவற்றுக்கு, கெடு வரும் முன்பே கழற்றி மாற்றுவது ஒன்றே நம்பகமான வைத்தியம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதிப்புக் கப்பல் வர வேண்டும், கிணற்றை நிறுத்த வேண்டும், ஓடவேண்டிய எண்ணெய் அதுவரை நிற்க வேண்டும். நல்ல நிலையில் இருப்பதாகத் தோன்றும் குழாயை ஊகத்தின் பேரில் கழற்றச் சொல்வது கணக்குப் பார்ப்பவர்களுக்கு எப்போதும் கசக்கும். கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, மேலுறையை அறுத்துக் கம்பி கம்பியாகப் பிரித்துப் பார்த்தால்தான் அந்த ஊகம் சரியா என்பதே தெரியும்.