வரி மாறினால் பில் கணினியும் மாற வேண்டும்

பழைய பொது விற்பனை வரிச் சட்டக் காலத்தில் வரி மாறினால் நமக்கு ஓர் அட்டையும் பேனாவும் போதும். பழைய விகிதத்தை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக் கல்லாவுக்கு மேல் ஒட்டி வைப்போம். 2007 ஜனவரியில் வாட் வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. இப்போது கணக்குப் போடுவது கணினி. சட்டம் டெல்லியில் மாறினாலும், காரமடைக் கடையிலுள்ள கணினிக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கட், ஷாம்பு, பற்பசை, குளியல் சோப்புக் கட்டி ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கு வந்தன. துணி துவைக்கும் டிடர்ஜென்ட் பவுடருக்கோ 18 அப்படியே நின்றது. 'சோப்பு வகை' என்று ஒரே தலைப்பில் சரக்கைப் பதிந்து வைத்து, தலைப்புக்கே வரியை மாற்றினால் பவுடரும் சேர்ந்து இறங்கிவிடும். குறைத்து வாங்கிய வரியைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டியவர் கடைக்காரர்தான்.

பழைய விகிதத்தை அழித்துவிடுவதும் கூடாது. செப்டம்பர் 20-ல் பில் போட்ட பிஸ்கட் அக்டோபரில் திரும்பி வந்தால், வரவுச் சீட்டை 18 சதவீதத்தில்தான் போட வேண்டும். கணினி 5 என்று போட்டால், ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு 130 ரூபாய் வித்தியாசம். எந்தத் தேதி முதல் எந்த விகிதம் என்று இரண்டையும் வைத்திருக்கும் மென்பொருளே நமக்கு உதவும். கையிருப்பு பழையதானாலும் 22 முதல் விற்றால் புதிய வரிதான். வாங்கும்போது கட்டிய 18-க்கான உள்ளீட்டு வரவு போய்விடாது.

அரிசி இன்னும் சிக்கல். 2022 ஜூலை 18 முதல் முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான மூட்டைக்கு 5 சதவீதம். அதனால்தான் 26 கிலோ மூட்டைகள் முளைத்தன! அந்த மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தாலும் வரியில்லை. பத்துக் கிலோப் பைகள் பத்தைப் பெரிய சாக்கில் போட்டு விற்றால் வரி உண்டு. அரிசி ஒன்றுதான் என்றாலும், கணினியில் இரண்டு பெயரில் பதிந்தாக வேண்டும்.

இணக்க வரித் திட்டத்தில் உள்ள மளிகைக்காரர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் அதன் உச்சவரம்பு ஒன்றரைக் கோடி. இதில் வரியில்லாத சில்லறை அரிசி, காய்கறி விற்பனையும் சேரும். வரியுள்ள சரக்கை மட்டும் கூட்டிக் காட்டும் மென்பொருள் 'இன்னும் இடமிருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வரம்பைத் தாண்டிய அன்றே திட்டத்தின் சலுகை போய்விடும். ஒரே பான் எண்ணில் இரண்டு கடை இருந்தால் இரண்டின் விற்பனையையும் கூட்ட வேண்டும். இதைச் சொல்லாத மென்பொருள் விற்பனையாளர்கள் அதிகம்.

ஆண்டுச் சந்தா கட்டும் முன், சென்ற செப்டம்பர் பில் ஒன்றைத் திறந்து அதற்கு விற்பனைத் திருப்பம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.